உன் படிவத்தில் நான் எழுதிய ‘இல்லை’

கண்ணான கோமதி அக்காவுக்கு,

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். அதோடு ஒன்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். நீ உயிரோடு இருந்தபோதே அதைச் செய்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன்! கன்னத்துப் புற்றுப் புண்ணால் நீ வாய் திறக்க முடியாமல் கிடந்தாய். வாய் திறக்க எனக்கு என்ன கேடு?

சேதி இதுதான். உன் ரத்தம் இன்னும் இருக்கிறது. பனவடலிசத்திரத்துப் பள்ளிக்கூடத்தில் பீடி சுற்றும் பெண்களிடமெல்லாம் ஓர் ஆய்வுக்காக ரத்தம் எடுத்தோமே, அதில் மிஞ்சியதைச் சின்னச் சின்னக் குப்பிகளில் உறைய வைத்திருக்கிறார்கள். நீ போய் நாலு வருசம் ஆகிவிட்டது. உன்னில் ஒரு துளி மட்டும் எங்கோ குளிரில் இருக்கிறது.

அப்போது நான் அந்த ஆய்வில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதும் வேலையில் இருந்தேன். உன் வீட்டுக்கும் நான்தான் வந்தேன். உன் மடியில் சுளகு, சுளகில் பீடித்தூள். எதிரே உன் மாமியார். புகையிலைக் கேள்வியைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நானோ அத்தைக்கு முன்னாலேயே, “வாயில பொயில போடுவியாக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

அத்தை முந்திக்கொண்டார்கள். “எங்க மருமவ வெத்தலகூட போடமாட்டா. நீ மேக்கொண்டு கேளு.”

நீ என்னைப் பார்த்தாய். பல்வலிக்கென்று ஆரம்பித்து, சுளகிலிருந்தே ஒரு சிட்டிகை எடுத்துக் கன்னத்தில் அடக்குவாய் என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் ‘இல்லை’ என்று எழுதினேன். தெருமுனை வரை வழியனுப்ப வந்தாயே, நினைவிருக்கிறதா? “நல்ல வேளட்டி வேலு, மானத்தக் காப்பாத்திட்ட” என்றாய். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாய். புகையிலைக் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொன்னவர்களின் அட்டையில் மட்டும் சிவப்பு வட்டம் போட்டிருந்தோம். அவர்களை வரிசையில் நிற்க வைத்து, ஒரு பல் டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ அந்த வரிசையைப் பார்த்தாய். பிறகு என் பக்கத்தில் வந்து கன்னத்தைத் தொட்டுக்கொண்டு, “ஏட்டி, நானும் காட்டட்டுமா? உள்ள ஒரு எடத்துல எரிச்சலா இருக்கு” என்றாய்.

“ஒனக்கு வேண்டாம்க்கா, நீ வீட்டுக்குப் போ” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வட்டமில்லாத அட்டையோடு நீ போய் நின்றால், நான் தப்பாக எழுதியது மேற்பார்வையாளருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். அவ்வளவுதான் காரணம், அக்கா. அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. என்னை நம்பி நீ வீட்டுக்குப் போய்விட்டாய். அன்றைக்கே காட்டியிருந்தால் பிழைத்திருப்பாயா? எனக்குத் தெரியாது. காட்டவிடாமல் அனுப்பியது யார் என்பது தெரியும்.

இப்போது நான் சங்கரன்கோவிலில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். போன மாதம் அந்தப் பழைய ஆய்வு அலுவலகத்திலிருந்து ஒரு டாக்டரம்மா போன் செய்தார். பீடி சுற்றும்போது உடம்பில் ஏறும் புகையிலை எவ்வளவு, வாயில் போடுவதால் ஏறுவது எவ்வளவு என்று ஆராய, வேறொரு குழு அந்தக் குப்பிகளைக் கேட்டிருக்கிறதாம். கொடுப்பதற்கு முன் ஒப்புதல் படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மீதி ரத்தத்த வேற ஆய்வுக்குக் குடுக்கலாமான்னு கடைசியில ஒரு கேள்வி இருக்குமே. நீங்க வாங்கின எல்லாப் படிவத்துலயும் அதுல ஒரே மாதிரி டிக் இருக்கு. படிச்சுக் காட்டினீங்களா?”

“இல்ல மேடம். வீடு நெறைய இருந்துச்சு. நானே போட்டுட்டேன்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பெண்களிடமோ, அவர்கள் இல்லையென்றால் வீட்டு ஆட்களிடமோ மறுபடி கேட்காமல் ஒரு குப்பியையும் தொட மாட்டோம் என்றார். அடுத்த வாரமே, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணை என்னோடு அனுப்பிவைத்தார்.

முதலில் உன் வீட்டுக்குத்தான் போனோம். அத்தான், “மாரிச்செல்வி படிச்சவ, அவகிட்ட கேளு” என்று சொல்லிவிட்டார். உன் மகள் வளர்ந்துவிட்டாள் அக்கா, ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். என்னோடு வந்த பெண் படிவத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். மாரிச்செல்வி முழுக்கக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“சித்தி, அம்மா பொயில போட்டது இதுல இருக்கா?”

“இல்லன்னு எழுதிருக்கு.”

“யாரு எழுதுனா?”

“நான்தான் மக்கா.” பிறகு பள்ளிக்கூடத்தில் நடந்ததையும் சொன்னேன். நீ கன்னத்தைத் தொட்டுக் கேட்டது வரை.

அவள் எழுந்து உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது.

“ரத்தத்த வச்சே அவங்க கண்டுபிடிச்சிர மாட்டாங்களா?”

“சுத்துனதுல ஏறுனதுன்னு நெனச்சிருவாங்க. ‘இல்லை’ன்னு இருக்குல்லா. அம்மா கணக்கு தப்பான பக்கம் போயிரும்.”

“அப்ப மொதல்ல அத மாத்துங்க. எங்கம்மா பொய் சொன்னான்னு யாரும் நெனைக்கக் கூடாது. ஒங்க பேரு போட்டு எழுதுங்க.”

எழுதினேன். உண்மை தெரிந்தே தவறாகப் பதிந்தேன் என்று, அவள் கண் முன்னாலேயே. அதன் பிறகுதான் அவள் ஒப்புதலில் கையெழுத்துப் போட்டாள். “இனிமே ஒரு பொம்பளையாவது நேரத்தோட வாயக் காட்டணும்” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். என்னிடம் சொன்னது வேறு. “கொஞ்ச நாளைக்கு இங்கன வராதிய சித்தி.”

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக்கொள்ளக்கூடக் கூசியது.

அக்கா, மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் டிக் போட்ட வீடுகள் இன்னும் நிறைய மீதி இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் போவேன். நான் செய்ததை முதலில் சொல்லிவிட்டு, பிறகுதான் கேட்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மாரிச்செல்வி கூப்பிடும்வரை அவள் வாசலை மிதிக்க மாட்டேன். கூப்பிட்டால், அவள் எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன்.

நீ நம்பியிருக்கக் கூடாத உன் கூடப்பிறந்தவள்,
வேலம்மாள்