ஓடாத கார் ஒன்று வேண்டும்

ஷெபாய்கன், விஸ்கான்சின்
13 அக்டோபர் 1986

அன்புத் தங்கை ஆர்லிஸுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தை யார்டு ஆபீஸில் வைத்துப் பிரித்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு இன்னொரு தடவை படித்தேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழைய கார் வாங்கி, உடைத்து, விற்றுப் பிழைக்கிறவன் நான். நல்லா ஓடுகிற கார் இருக்கிறதா என்றுதான் எல்லோரும் கேட்டு வருவார்கள். ஓடவே கூடாத கார் ஒன்று வேண்டும் என்று கேட்டவள் நீ ஒருத்திதான்.

நீ சொல்வது எனக்குப் புரிகிறது. உன் புருஷன் வெண்டல் நாற்பத்தாறு வயதில், மூக்குக்கண்ணாடிக் கடையையும் வைத்துக்கொண்டு, வார இறுதியில் கிளப் ரேஸ் ஓட்டப் போகிறேன் என்கிறான். போகாதே என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அவன் இல்லாத வீட்டை நினைத்து நினைத்துத் தூக்கமே வருவதில்லை என்று எழுதியிருக்கிறாய். கார் தேர்ந்தெடுக்க எப்படியும் என்னிடம்தான் வருவான். ஒருநாளும் கட்டி முடிக்க முடியாத கார் ஒன்றை அவன் தலையில் நான் கட்ட வேண்டும். அவன் கராஜில் அதன் அடியில் படுத்துக் கிடப்பான், நீ நிம்மதியாக இருப்பாய்.

செய்யலாம். ரேஸ் காரைக் கட்ட ஆரம்பிக்கிறவர்கள் அதிகம், தடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் கொஞ்சம். புத்தியுள்ளவன் ஏற்கனவே பத்துப் பேர் ஓட்டுகிற காரை வாங்குவான். ராபிட் என்று ஒரு பெட்டிக் கார் இருக்கிறதே, அந்த மாதிரி. கியர் போனால் அவனோடு போட்டி போடுகிறவனே தன்னிடம் இருக்கும் உபரியைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுப்பான். இந்தக் கூட்டத்தில் அப்படித்தான். மற்றவன் அழகைப் பார்த்து வாங்குவான். என்னிடம் ஒரு சிவப்பு இத்தாலியக் கூபே, இரண்டு கதவுக் கார், நிற்கிறது. ரேஸுக்குக் கிளப் அனுமதிக்கிற கார்ப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு, அதனால் சந்தேகம் வராது. ஆனால் அதை இறக்குமதி செய்தவன் கடையைக் கட்டிக்கொண்டு ஊர் போய்விட்டான். ஒரு பிரேக் சிலிண்டருக்கு அலைந்தே மாப்பிள்ளைக்குத் தலை நரைத்துவிடும்.

இதைப் போனில் பேசாதே. உன் சமையலறைப் போனுக்கும் கராஜுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். எழுது.

உன் அண்ணன்
கெரிட்


ஷெபாய்கன்
20 அக்டோபர் 1986

அன்பு ஆர்லிஸ்,

வியாபாரம் முடிந்தது. கூபேயைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கில் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மச்சான், இது ரேஸுக்குத் தாங்குமா?" என்றான்.

"பட்டியல்ல இருக்கே மாப்பிள்ளே."

"அந்த மூலையில ராபிட் ஒண்ணு நிக்குதே, அது?"

"அதுல பாதிரியார் சம்சாரம் உருளைக்கிழங்கு வாங்கப் போவாங்க. உனக்கு எதுக்கு அது?"

"அதுவும் சரிதான்," என்று கூபேயில் ஏறி உட்கார்ந்தவன், சாப்பாட்டுக்குக்கூட இறங்கவில்லை. உன் அண்ணி சாஸேஜ் ரொட்டியைக் காருக்குள்ளேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இனி நீ நிம்மதியாகத் தூங்கு.

கெரிட்


டெகோரா, அயோவா
11 ஜனவரி 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே பனி ஜன்னல் மட்டத்துக்கு நிற்கிறது. அண்ணியின் பார்சல் வந்தது, நன்றி சொல். நீதான் போன மாதம் பூராவும் ஒரு வரி எழுதவில்லை.

உன் மருந்து வேலை செய்கிறது. கடையிலிருந்து வந்தால் கராஜ்தான். எடை குறைய வேண்டுமாம், சீட்டு, கம்பளம், கதவுத் துணி எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டார். பாகங்களுக்காக ஊர் ஊராக எழுதுகிறார், யாரும் பதில் போடுவதில்லை. ஆனால் மனிதருக்குக் கோபமே வரவில்லை அண்ணா. அடியில் படுத்துக்கொண்டு சர்ச்சுப் பாட்டுப் பாடுகிறார். சூப் கொண்டுபோய் வைத்தால், "ஆர்லிஸ், நீ மட்டும் முகம் சுளிக்காம இருக்கே பாரு, அது போதும்" என்கிறார். என் பங்குச் சூப்பை அப்படியே சட்டியில் திருப்பி ஊற்றிவிட்டேன்.

ஒரு சந்தேகம். கிடைக்காத சின்னச் சாமான்களைக் கடையில் மூக்குக்கண்ணாடி தேய்க்கிற பெஞ்சில் வைத்துத் தானே கடைந்து செய்கிறார். ஒருவேளை முடித்துவிட்டால்?

உன் தங்கை
ஆர்லிஸ்


ஷெபாய்கன்
19 ஜனவரி 1987

அன்பு ஆர்லிஸ்,

முடிக்க மாட்டான். பாதியில் விட்ட ரேஸ் கார்களை வசந்தம் வந்தால் என் யார்டுக்குத்தான் இழுத்து வருவார்கள். எல்லோரும் ஜனவரியில் பாட்டுத்தான் பாடினார்கள். நீ சூப்பைக் குடி.

கெரிட்


டெகோரா
5 ஏப்ரல் 1987

அண்ணா,

நேற்று இன்ஜின் ஓடிவிட்டது.

எதிர்வீட்டு ஹால்வர் வேலியருகே நின்று கைதட்டினார். கார் கவிழ்ந்தால் ஆளை நசுங்காமல் காக்கிற குழாய்க் கூண்டை ஊர் வெல்டர் பொருத்திவிட்டார். பிரேக்கை இவரே சரிசெய்துவிட்டார். மே மாதம் கிளப் நடத்துகிற ஓட்டுநர் பயிற்சிக்குப் பெயரும் கொடுத்தாயிற்று. அது முடிந்தால் போட்டி ஓட்ட லைசென்ஸ், அப்புறம் ரேஸ்.

முன்சக்கரத்தில் மட்டும் ஏதோ லேசாக ஆடுகிறதாம். "மச்சான்கிட்ட கேக்கணும்" என்கிறார். கேட்டால் என்ன சொல்வாய்? ஏதாவது செய்.

ஆர்லிஸ்


ஷெபாய்கன்
9 ஏப்ரல் 1987

ஆர்லிஸ்,

இதைப் படித்ததும் கராஜ் சாவியை எடுத்து உன்னிடம் வைத்துக்கொள். அந்தக் கார் தடத்துக்குப் போகக் கூடாது.

அந்தக் கூபேயில் முன்சக்கரம் மாட்டுகிற அச்சு மெலிந்தது. கடைத்தெருவுக்குப் போய்வர ஒன்றும் ஆகாது. ஆனால் ரேஸ் டயர் தரையைக் கவ்விப் பிடிக்கும். வளைவில் மொத்தப் பளுவும் அந்த அச்சில் இறங்கும். முன்பு அதை ஓட்டினவர்கள் அடிக்கடி புது அச்சு மாற்றினார்கள். இப்போது புதிது எங்கேயும் இல்லை. மாற்றாமல் ஓட்டினால் ஒருநாள் சக்கரம் தனியாகப் போகும். வெண்டலால் கடைந்து செய்யக்கூடிய சாமான் இல்லை அது. எனக்கு இது தெரியும். தடத்துக்கே போகப் போவதில்லை, சொல்வானேன் என்று விட்டுவிட்டேன். பொறுமையில்லாத ஆட்களையே பார்த்துப் பார்த்து வியாபாரம் செய்தவன். உன் புருஷன் விஷயத்தில் என் கணிப்புத் தப்பிவிட்டது.

உண்மையை அவனிடம் நீ சொல்ல வேண்டும். நான் சொன்னால் மச்சான் ஏமாற்றிவிட்டான் என்பான். ஏமாற்றினது நிஜம்தான். ஆனால் ஏன் என்பதை அவன் உன் வாயால் கேட்கட்டும்.

நான் அந்த ராபிட்டைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். சும்மா ஆறுதலுக்கு இல்லை. நேற்றே உள்ளே எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று. கூண்டு அவன் அளவுக்குத்தான் கட்ட வேண்டும். ஹெல்மெட்டை மாட்டி, நாற்காலியில் நேராக உட்காரவைத்து, உட்காரும் பலகையிலிருந்து ஹெல்மெட் உச்சி வரை அளந்து அனுப்பு. தோள் அகலமும் வேண்டும். தையல்காரி மாதிரி சரியாக அள.

கெரிட்


டெகோரா
16 ஏப்ரல் 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

அளவு தனித்தாளில் இருக்கிறது.

சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல், கராஜில் ஹெல்மெட்டை மாட்டி உட்காரவைத்து, பின்னால் நின்று அளந்துகொண்டே சொன்னேன். அவருக்குக் காதில் விழவில்லை. "என்ன?" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். "சத்தமாச் சொல்லு." கடைசியில், "நீங்க செத்துப் போயிடுவீங்கன்னு பயந்து, ஓடாத காரா குடுன்னு நான்தான் அண்ணன்கிட்ட கேட்டேன்" என்று கத்தினேன். ஹால்வர் வீட்டு நாய் குரைத்தது.

ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அச்சு விஷயத்தையும் சொன்னேன். எழுந்து போய்க் கூபேயின் முன்சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்த்தார்.

"நேரா போகாதேன்னு சொல்லியிருக்கலாமே ஆர்லிஸ்."

"சொல்லியிருந்தா நின்னிருப்பீங்களா?"

"மாட்டேன். ஆனா இந்தக் காரை வாங்கியிருக்க மாட்டேன்."

அப்புறம் இரண்டு நாள் கராஜிலேயே சாப்பிட்டார். மூன்றாம் நாள் காலையில் காப்பி ஊற்றும்போது சொன்னார். "ராபிட்ல நான் ஓட்டறதை ஒரு தடவை வந்து பாரு. பாத்துட்டு நீ வேண்டாம்னா, வேண்டாம்." சரி என்றேன்.

உன்மேல் கோபம் இருக்கிறது. கூபேயைத் திருப்பித் தர மாட்டாராம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக வைத்துக்கொள்கிறாராம். பாவாடையைத் தூக்கிக்கொண்டு நான் அந்தக் குழாய்களைத் தாண்டி ஏற வேண்டும். எனக்கு வேண்டியதுதான்.

ஆர்லிஸ்


டெகோரா
19 மே 1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

பயிற்சித் தடத்தில் ராபிட்டைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஏலம் இருக்கிறது என்று அன்றே ஓடிவிட்டாய். நீயும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போல்ட் முறுக்கியதை நான் மறக்கவில்லை. இருந்து பார்த்திருக்கலாம்.

பயிற்சியின் இரண்டாம் நாள், மழை விட்ட புதிதில், கடைசி வளைவுக்கு முந்தின வளைவில் கார் கவிழ்ந்தது. கொடி காட்டுகிற பெர்னீஸ் என்கிற பெண்மணியின் பக்கத்தில், தடுப்புக்கு இந்தப் புறம் நின்றுகொண்டிருந்தேன். என் கண்ணெதிரிலேயே புல்லில் வழுக்கி, பக்கவாட்டில் திரும்பி, ஒரு முழு உருளல் உருண்டு, சக்கரத்திலேயே வந்து நின்றது. அப்புறம் சத்தமே இல்லை. நான் தடுப்பைத் தாண்டப் போனேன். பெர்னீஸ் ஒரு கையால் கொடியை வீசிக்கொண்டு மறு கையால் என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வலையைப் பாரு கண்ணு. டிரைவர் ஜன்னல்ல கறுப்பா ஒரு வலை கட்டியிருக்குல்ல? ஆளுக்கு ஒண்ணும் ஆகலைன்னா அவரே அதை அவுத்துக் கீழ விடுவார்."

"விடலைன்னா?"

"வலையைப் பாரு."

பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை. வலை விழுந்தது அண்ணா. உள்ளேயிருந்து ஒரு கை வந்து வெளியே தொங்கிய நுனியைத் தட்டிவிட்டது. பெர்னீஸ் என் கோட்டை விட்டாள். நான் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு கீறல் இல்லை. டாக்டர் பார்த்து அனுப்பியதும் நேரே என்னிடம்தான் வந்தார். "இப்ப சொல்லு. வேண்டாம்னா, வேண்டாம்."

அக்டோபரிலிருந்து சொல்லக் காத்திருந்த வார்த்தை. வாயைத் திறந்தேன். "கூண்டுல ஒரு குழாய்கூட வளையலை, பாத்தீங்களா?" என்றுதான் வந்தது. அவர் தொப்பென்று டயர்மேல் உட்கார்ந்து சிரித்தார். பிறகு கொஞ்சம் அழுதார். அவரும் பயந்துதான் போயிருந்தார்.

இனிமேல் எனக்குப் பயமே இல்லை என்று எழுத மாட்டேன். எங்கே பார்க்க வேண்டும் என்று இப்போது தெரியும், அவ்வளவுதான்.

கூரையைத் தட்டி நிமிர்த்திவிடலாம் என்கிறார். வலதுபக்கக் கதவும் முன்கண்ணாடியும் வேண்டும். உன் யார்டில் இருக்கிறதா? கூண்டு போட்டவனுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லச் சொன்னார், பெயரைச் சொல்லவில்லை.

உன் தங்கை
ஆர்லிஸ்


ஷெபாய்கன்
23 மே 1987

அன்பு ஆர்லிஸ்,

உன் கடிதத்தைப் பிரித்ததும் 'கவிழ்ந்தது' என்ற சொல்தான் கண்ணில் பட்டது. அதற்குமேல் படிக்க முடியவில்லை. தாளைத் திருப்பிக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். கதவு கேட்டிருந்தாய். என் அனுபவத்தில் ஆளைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து யாரும் கதவு கேட்டு எழுதியதில்லை. அப்புறம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தேன்.

கதவு இருக்கிறது, பச்சை நிறம். முன்கண்ணாடி திங்கட்கிழமை வரும். இரண்டையும் நானே கொண்டுவருகிறேன். மாப்பிள்ளை திட்டுவதாக இருந்தால் நான் வந்தபிறகு திட்டட்டும், போனில் வேண்டாம் என்று சொல்.

உன் அண்ணன்
கெரிட்