அறுபத்திரண்டு படிவங்கள்

மார்ச் 3
எங்கள் நகராட்சிச் சுகாதார அதிகாரிக்கு இன்று கால் தரையில் இல்லை. உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை போன வருஷம் இருபது. இந்த வருஷம் ஒன்பதுதான். “ஒரு ஊர் நல்லா இருக்கான்னு இந்த ஒத்தை நம்பர் சொல்லிடும்மா.” விருது வருகிறதாம். பிறப்பு இறப்பு எழுதுகிறவள் என்பதால் மேடையில் எனக்கும் ஓர் ஓரம். தலைக்குச் சாயம் வாங்கிவிட்டேன்.

மார்ச் 5
ஒரு பெண் வந்து, நாங்கள் கொடுத்த ‘இறந்தே பிறந்தது’ சான்றைத் திருப்பி நீட்டினாள். “அழுதாளேம்மா. நாப்பது நிமிஷம் என் நெஞ்சு மேல கிடந்தா. இருந்தாள்னு ஒரு பேப்பர் குடுங்க, போதும்.”
சான்றை வாங்கிக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினேன். ‘இறந்தே பிறந்தவை’ பக்கத்தில், என் கையெழுத்திலேயே இருந்தது.
முதல் நாளே போய்விடுகிற குழந்தையை அந்தப் பக்கத்தில் எழுதச் சொன்னவர் அதிகாரி. பிறப்புக்கொன்று இறப்புக்கொன்று வேண்டாம், ஒரே படிவம் போதும் என்றார். “சார், நீங்க தெய்வம்!” என்று டீ வாங்கிக் கொடுத்தது யார்? நானேதான். வேலை மிச்சமாம் — தூ.

மார்ச் 6
பிரசவ வார்டு நர்ஸ் என் வம்புக் கூட்டாளி. அவள் நோட்டில் ஒவ்வொன்றும் அழுத நேரம் இருக்கிறது. அழுதும் ‘இறந்தே பிறந்தது’ என்று நாங்கள் எழுதியவற்றை எண்ணினேன். முப்பத்தொன்று. ஆக, சாவு குறையவில்லை, பக்கம்தான் மாறியிருக்கிறது.
“குளிர்லயே போயிடுதுக்கா. சூடு குடுக்கிற மிஷின் கெட்டு ஒரு வருஷம். கேட்டா, உங்க ஊர்லதான் சாவு குறைஞ்சிடுச்சே, எதுக்குன்றாங்க.”

மார்ச் 9
அதிகாரி: “இப்பப் போய்க் கிளறுறீங்களே, ஊர் மானம் என்னாகும்?”
“மானம் போகட்டும் சார், மிஷின் வரட்டும்.”
“நாய் லைசென்ஸ் கவுண்டர் காலியாத்தான் இருக்கு, தெரியுமில்ல?”
வீட்டில் இவர்: “ரிட்டயராக நாலு வருஷம். அதுவரைக்கும் வாயை மூடிட்டு இருக்கக் கூடாதா?”
“கல்யாணமான நாள்லேர்ந்து முடியாதது, இப்ப மட்டும் எப்படிங்க முடியும்?”

மார்ச் 10
பயமாகத்தான் இருக்கிறது. எழுதத்தான் போகிறேன்.

மார்ச் 17
முப்பத்தொரு குழந்தை, அறுபத்திரண்டு படிவம். நோட்டு நகலோடு மேலிடத்துக்கு அனுப்பியாயிற்று. கடைசியாக அந்தப் பெண்ணை உட்காரவைத்துக் குழந்தையின் பெயரைக் கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள். எத்தனை நாளாகச் சொல்லக் காத்திருந்தாளோ.

மே 22
விருது பக்கத்து ஊருக்கு. சாயத்தை வீணாக்குவானேன், பூசிக்கொண்டேன். பார்த்து ரசிக்க நாய்கள் இருக்கின்றன. மூன்றாவது லைசென்ஸ் எழுதும்போது நர்ஸ் போன்.
“அக்கா, மிஷின் வந்துடுச்சு! நம்பர் ஏறினதும் மேலேர்ந்து ஆள் வந்து கத்திட்டுப் போனாங்கல்ல, அதான். நேத்துப் பொறந்த பொடிசு உள்ளே கிடக்கு.”
“அழுதுச்சா?”
“ஊரையே கூட்டுது.”
பிறந்த நேரத்தைக் கேட்டு, நாய்ப் படிவத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். பழக்கதோஷம். இந்தப் பொடிசுக்கு இப்போதைக்கு ஒரே படிவம் போதும்.