ஆறாவது நட்டு

என் செல்லத் தம்பி குமரா,

நீ போய் ஐந்து மாதமாகிறது. இன்றைக்கு உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய காரை நம் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு என்ன பீற்று பீற்றினாய்! "மழையிலயும் வழுக்காதுக்கா. சக்கரம் வழுக்குனா காரே கண்டுபிடிச்சு அடக்கிடும். இந்த மஞ்ச லைட்டு எரிஞ்சா மட்டும்தான் பயப்படணும்." நீ இருந்தவரை அது ஒருநாளும் எரியவில்லை.

நீ போன பிறகு எரிந்தது. எங்கே தெரியுமா?

ஞாயிறுதோறும் அம்மாவை ஏற்றிக்கொண்டு, கிள்ளானில் பூட்டிக் கிடக்கும் உன் வீட்டுக்குப் போகிறேன். கூட்டிப் பெருக்கி, உன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வருவோம். முதல் ஞாயிறு ஃபெடரல் ஹைவேயில் பத்து தீகா டோல் சாவடியைத் தாண்டி, நீ விழுந்த இடத்துக்கு நேராகப் போகும்போது பொட்டென்று அந்த மஞ்சள் விளக்கு. அடுத்த ஞாயிறும் அதே இடம். மூன்றாவது தடவை அம்மாவும் பார்த்துவிட்டது.

"நிறுத்துடி. தம்பி கூப்பிடறான்."

அவசரத் தடத்தில் நிறுத்தினேன். அம்மா இறங்கிப்போய் நீ கிடந்த இடத்தில் நின்று உன்னோடு பேசியது. திரும்பி வந்து எஞ்சினைப் போட்டால் விளக்கு இல்லை. "பாத்தியா, போயிட்டு வாங்கன்னுட்டான்" என்றது அம்மா. அதற்கப்புறம் எல்லா ஞாயிறும் இதே கதைதான். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிடித்திருந்ததுடா, பொய் சொல்ல மாட்டேன்.

போன மாதம், அம்மா அங்கே நின்று பேசிக்கொண்டிருந்தபோது போர்ட் கிள்ளானுக்குப் போகிற கொள்கலன் லோரி ஒன்று உரசுகிற மாதிரி போனது. அந்தக் காற்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தது. நான் பாய்ந்து கையைப் பிடித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? ஒரே இடத்தில் இரண்டு பேரைக் கொடுக்க என்னால் முடியாது. எப்பாடு பட்டாவது இந்த விளக்கை அணைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

செராஸில் பாலன் என்று ஒரு ஃபோர்மன், கார் பழுது பார்க்கிற சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். "நாலு சக்கரத்துலயும் சென்சர் இருக்குக்கா. எது எவ்வளவு வேகமா சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும்" என்று ஒவ்வொன்றையும் துடைத்தார், வயர்களை இழுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசியில் வலது பின் சக்கரத்தின் முன்னால் குந்தினார்.

"இது ஸ்பேர் டயர் லா! மத்த மூணை விடச் சின்னது. சின்னது வேகமா சுத்துமா, கம்ப்யூட்டர் சக்கரம் வழுக்குதுன்னு நினைச்சுக்குது. கொஞ்ச தூரம் பொறுத்துப் பாத்துட்டு லைட்டைப் போட்டுடுது."

"அது ஏன் அந்த இடத்துலயே?"

"எஞ்சினை அணைச்சுப் போட்டா அது மறுபடி முதல்லேர்ந்து கணக்குப் போடும்" என்றார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காஜாங் பக்கமாக ஓட்டினார். நம் வீட்டிலிருந்து அந்த இடத்துக்கு எவ்வளவு தூரமோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் போனதும், வாழைப்பழம் பொரிக்கிற ஒரு பீசாங் கோரிங் கடைக்கு முன்னால் விளக்கு எரிந்தது. "இங்க யாரு கூப்பிடறாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். நீ இரண்டாந்தரம் செத்த மாதிரி இருந்ததுடா. அங்கேயே அழுதேன்.

அந்த டயரை நீதானே மாட்டினாய்? அம்மா இருந்த உன் வீட்டுக்குப் போகிற வழியில், பட்டப்பகல், கொட்டுகிற மழை. நீ பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்பேரை மாட்டிக்கொண்டிருந்தாய். நான் புல்தரையில் குடையோடு நின்று கத்தினேன். "சீக்கிரம்டா, அம்மா காத்துக்கிட்டு இருக்கு!" நீ சிரித்தாய். "நாலு ஆச்சுக்கா, இன்னும் ஒண்ணுதான்." அப்புறம் அந்த லோரி.

மருத்துவமனையில் உன் கடிகாரத்தையும், மூடியிருந்த உன் கையிலிருந்து எடுத்த ஒரு சக்கர நட்டையும் கொடுத்தார்கள். அம்மா அதைச் சாமி மேடையில் வைத்து, தினமும் விபூதி பூசுகிறது. நீ முடுக்கிய சக்கரத்தை யாரும் தொடக்கூடாது என்று நானும் அப்படியே ஓட்டினேன். அந்தப் பக்கம் குனிந்துகூடப் பார்த்ததில்லை. நாலு நட்டோடு அம்மாவை ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேனே, எனக்கென்ன பைத்தியமா?

பட்டறைக்குப் போகும்போது அந்த நட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். "நாலுதான் இருக்கும். இதையும் சேத்துப் போடுங்க" என்று நீட்டினேன். பாலன் சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அஞ்சும் இருக்கேக்கா."

முதல்தடவையாகக் குனிந்து பார்த்தேன். ஐந்து இருந்தன, என் கையிலிருந்ததோடு ஆறு. "விபத்தன்னைக்குக் காரை இழுத்துட்டு வந்தவன் போட்டிருப்பான் லா" என்றார் பாலன். நாலு நட்டுகள் ஒரே தள்ளில் கழன்றன. ஐந்தாவதற்கு ஸ்பானரில் பைப்பைச் செருகி, இரண்டு பேர் தொங்க வேண்டியிருந்தது. கழன்று விழுந்ததை என் நட்டோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். அச்சு அசல் ஒன்றே. அதைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காரை இழுத்துவந்த ஆளுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். அவர் சக்கரத்தைத் தொடவே இல்லையாம்.

சரியான அளவில் புது டயர் மாட்டினார்கள். உன் கையிலிருந்த நட்டைத்தான் போடச் சொன்னேன். "அஞ்சு ஆச்சுக்கா" என்றார் பாலன்.  இறுகிக் கிடந்த அந்த நட்டு மிஞ்சி, இப்போது என் கைப்பையில் இருக்கிறது.

நேற்று ஞாயிறு. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. டோலைத் தாண்டியதிலிருந்து அது டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு வந்தது. விளக்கு எரியவில்லை. அந்த இடம் பின்னால் போய்விட்டது. அம்மா கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

"ஏன்டி, இன்னைக்கிக் கூப்பிடலையே?"

"தெரியலம்மா."

அம்மா திரும்பி நேராக உட்கார்ந்தது. பிறகு அதுவே சொன்னது: "வேலை முடிஞ்சிருக்கும்."

குமரா, அந்த ஐந்தாவது நட்டை யார் முடுக்கினார்கள் என்று இனி நான் யாரையும் கேட்கமாட்டேன். அந்த இடத்தில் அம்மாவை இறக்கவும் மாட்டேன், இது சத்தியம். நீயும் அங்கே மழையில் நிற்காதே. வீட்டுக்கு வா, அம்மா காத்துக்கிட்டு இருக்கு. அவசரமில்லைடா, மெதுவாகவே வா.

அன்றைக்கு உன்னை அவசரப்படுத்திய
அக்கா சரசு