நான்கு சர்வரும் ஈரத்தலையும்

ஆனி மாதம், வியாழன் இரவு

ஆஸ்பத்திரி ஒன்றின் டோக்கன் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான்கு சர்வர்கள். அப்டேட் போடும்போது ஒன்றை நிறுத்தி, திரும்ப ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். இன்று காலை நண்பர்கள் வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். நான்கையும் ஒன்றாக ரீஸ்டார்ட் செய்துவிட்டு, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஐந்தருவியில் குளித்துவிட்டுக் காருக்கு வந்தால் போன் முழுக்க மிஸ்டு கால். நான்கில் ஒன்றுகூட ஓடவில்லை. ஈரத்துண்டோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். நெட்வொர்க் கோளாறு என்று மேனேஜரிடம் பொய் சொன்னேன்.

அப்பா சுகர் டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு போயிருந்தது அதே ஆஸ்பத்திரிக்கு. அங்கே ஓடுவது என் சர்வர் என்று அவருக்குத் தெரியாது. மத்தியானம் நான் வீடு திரும்பியதும் சொன்னார்:

“ரெண்டு மணி நேரம் நிக்க வச்சிட்டாவலே. எல்லாரும் கவுண்டர் பிள்ளைய ஏசுதாவ. நான்தான் சொன்னேன், என் மவனும் இந்த வேலதான் பாக்கான், எங்கனயோ ஒருத்தன் பச்சத்தண்ணி குடிக்காம இதச் சரிபண்ணிக்கிட்டு இருப்பான், ஏசாதியன்னு.”

அவர் என் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

“ஈரமா இருக்குலே. நல்லா துவட்டு.”