பட்டியலில் இருக்கிற ரிங்கி

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. எதிர் பனியன் கம்பெனியின் பஞ்சுத் தூசு முழுக்கப் பள்ளி வராந்தாவில். இரண்டு முறை கூட்டியாயிற்று, மூன்றாவது முறைக்குத் தெம்பில்லை.

வேலைகள்: முட்டைக் கணக்கு. ஒழுகும் குழாய். ஒன்றாம் வகுப்பு சேர்க்கைப் படிவம். ரிங்கி.

ஐந்தாம் வகுப்பில் எட்டுப் பேர் இருக்க வேண்டும், ஏழு பேர்தான். ரிங்கி ஏப்ரல் கடைசியில் அப்பா அம்மாவோடு பீகார் போனவள். பள்ளி திறந்து ஒரு வாரமாகிறது. வருகை எடுக்கும்போது அவள் பெயரைக் கூப்பிட்டால் ஏழு பேரும் ஒரே குரலில், "வரலீங்க டீச்சர்." தெரிந்தும் தினம் கூப்பிடுகிறேன்.

புத்தகக் கட்டு எட்டு வந்தது. ரிங்கியின் கட்டுக்கு நானே அட்டை போட்டு, பேர் எழுதி, பீரோவில் வைத்தாயிற்று.

மதியம் வட்டார அலுவலகத்திலிருந்து கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி. "மேடம், வராத பசங்களப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பிருங்க. லிஸ்ட் க்ளீனா இருக்கணும்." எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகளின் பெயர்கள் கம்ப்யூட்டரில் போய் நிற்கிற இடம் அது. பஸ் ஸ்டாண்டு மாதிரி. சரி சரி என்று போனை வைத்தேன். அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

ஜூன் 11, புதன்

காற்று குறையவில்லை. ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரியாப் பையன் காலையிலிருந்து அழுகை. ஏன் என்று கேட்க ஆளில்லை. ரிங்கி இருந்தால் தன் இந்தியில் எப்படியாவது கேட்டுச் சொல்லியிருப்பாள். "வயிறு வலிக்குதாமுங்க டீச்சர். பொய்யுங்க." தீர்ப்பும் அவளே சொல்லிவிடுவாள்.

அவள் அப்பா நம்பர் என்று பதிவில் இருப்பது லேபர் காண்ட்ராக்டர் நம்பர். ஐந்து பிள்ளைகளுக்கு அதே நம்பர்தான். "ஊருக்குப் போயிருக்காங்க மேடம். வர்றப்ப வருவாங்க." இதைச் சொல்ல ஒரு ஆள்.

சாயங்காலம் லைன் வீட்டுக்கே போனேன். வீட்டுக்காரம்மா: "அவீக ஊட்டக் காலி பண்ணிட்டாங்களேங்க டீச்சர். சாமானெல்லாம் ஏத்திட்டுத்தான் போனாங்க."

அதே ரூமில் இப்போது போடியிலிருந்து வந்த குடும்பம். மூன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய பெண் ஒன்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. "நாளைக்கே கூட்டியாரேன் டீச்சர்" என்றார் அதன் அம்மா. ஒன்றைத் தேடிப் போய் இன்னொன்றோடு திரும்பினேன். எண்ணிக்கைக்கு நல்லதுதான்.

ஜூன் 13, வெள்ளி

வட்டாரத்திலிருந்து ஆய்வு. பிள்ளைகளின் வாசிப்பைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படி போடுவது. எங்களுக்கு அரும்பே அதிகம்.

"கற்றல் அடைவு குறைஞ்சிருக்கே மேடம்?"

குறையாமல் என்ன செய்யும். தமிழே தெரியாமல் வருகிறது, மூன்று வருடத்தில் வாசிக்கப் பழகுகிறது, மலர் ஆனதும் அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை. அந்த இடத்தில் புதிய அரும்பு. இதற்கு அவர்கள் தாளில் கட்டம் கிடையாது. ஜமீலா டீச்சர் (நாங்கள் இருவர்தான் மொத்தப் பள்ளிக்கும்) என் காலை மேசைக்கடியில் மிதித்தார்.

ரிங்கி மலர். நாலாம் வகுப்பில் ஒரே மலர்.

மனசு ரிங்கியைத் தேடுகிறது. சென்னையில் இருக்கும் என் மகளைக்கூட எனக்கு இப்படித் தேடியதில்லை. எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

ஜூன் 16, திங்கள்

தூறல். பஞ்சுத் தூசு படியோடு ஒட்டிக்கொண்டது.

வட்டாரத் தம்பி மறுபடி. "ஏன் மேடம் அந்தப் பொண்ண விட மாட்டேங்கிறீங்க? ஸ்ட்ரெங்த்துக்காகவா?" சுருக்கென்றது. அதற்காக வைத்திருந்தால்கூட ஒரு நியாயம் சொல்லலாம். "வேற ஸ்கூல்ல இருந்து ரிக்வெஸ்ட் ஏதாச்சும் வந்திருக்கான்னு பாத்தீங்களா?" பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

ஜமீலா: "அக்கா, வரவேண்டியவ வந்திருப்பாளுங்க."

தெரியாதா எனக்கு.

ஜூன் 17, செவ்வாய்

பதினொன்றரைக்குப் போன். சோமனூர்ப் பக்கம் ஒரு பள்ளித் தலைமை ஆசிரியர். தன்மையான குரல்.

"ஏனுங்க டீச்சர், ரிங்கி குமாரின்னு உங்க ஸ்கூல்ல படிச்ச புள்ளைங்களா? அப்பா இங்க தறிக்கு வந்துட்டாருங்க. தெறந்த நாள்ல இருந்து இங்கதான் உக்காந்திருக்குது. உங்க லிஸ்ட்டுல பேர் நிக்கிறதால எங்களுக்குச் சேர்க்க முடியலீங்க. ரெண்டு தடவ ரிக்வெஸ்ட் அனுப்பிச்சமுங்க. புக்கு, யூனிபார்ம் எதும் தர முடியலீங்க."

அவரே, "இந்தா கண்ணு, உங்க டீச்சர்" என்று கொடுத்தார்.

"டீச்சருங்களா? என் பேர விட்டுருவீங்களாம். விட்டாத்தான் புக்கு தருவாங்களாம்."

"சாப்பிட்டியா கண்ணு?"

"இன்னும் பெல்லு அடிக்கலீங்க."

போனை வைத்தேன்.

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு கோரிக்கைகள். முதலாவது ஜூன் 4. பீகாரில் எந்த ஊர் எந்த ஊர் என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத் தூரத்தில் அவள் பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு அட்டை போட்ட கட்டு என் பீரோவில். பாசம் என்று நினைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

'நிச்சயமாக விடுவிக்கவா?' என்று கேட்டது. ஆம் அழுத்தினேன். சுற்றிச் சுற்றி நின்றது, நெட் இல்லை. ஜமீலாவின் போனில் போட்டு இன்னொரு முறை அழுத்த வேண்டியதாயிற்று.

ஜூன் 18, புதன்

வெயில். காற்று இருக்கிறது.

காலையிலேயே பார்த்தேன். சோமனூரில் அவள் பெயரை எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு ஏழு.

வேலைகள்: குழாய் (இன்னும்). போடிப் பெண்ணுக்கு மூன்றாம் வகுப்புப் புத்தகம். மிச்சமான ஐந்தாம் வகுப்புக் கட்டு ஒன்று, திருப்பி அனுப்ப வேண்டும். அட்டையைப் பிரிக்க வேண்டும்.

வருகை எடுத்தேன். அவள் பெயர் வருகிற இடத்தில் கூப்பிடாமல் ஒரு நொடி நின்றேன். ஏழு பேரும், "வரலீங்க டீச்சர்."