உன் மனிசனுக்கு யார் சொந்தம்?

என் அருமைத் தங்கச்சி மங்களத்துக்கு,

பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வெடுத்த உன் அக்கா இந்த வயதில் சட்டம் படிக்கிறாள் என்றால் நீ சிரிப்பாய். மனநோயாளருக்காகப் புதிய சட்டம் எழுதுகிறார்கள். இப்போது இருப்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதை மாற்றவேண்டும் என்ற பேச்சு சுனாமிக்குப் பிறகு எழுந்தது, சண்டைக்குள் அடங்கிப்போனது. சண்டை முடிந்தபின் வரைவு மறுபடி வெளியே வந்திருக்கிறது.

கடல் உன்னைக் கொண்டுபோனபின் உன் மனிசன் என்னிடம்தான் வந்தார். அப்பா உனக்குக் கடல் பக்கத்திலும் எனக்கு வாவிப் பக்கத்திலும் சீதன வீடு தந்தாரே, அதனால் என் வீடு தப்பியது. அவர் பேசமாட்டார், சாப்பிடமாட்டார். ஒருநாள் உன்னைத் தேடிக் கடலுக்குள் இறங்கி நடந்தார். மீன்பிடிக்கப் போனவர்கள் இழுத்துவந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

பக்கத்து வளவுக் கனகம்மா சும்மா இருப்பாளா?

"பொஞ்சாதி போனா ஆம்புள தாய்ர வீட்டுக்குப் போறதுதானே கா வழமை. நீ ஏன் வெச்சிரிக்காய்?"

"தாய் செத்து எவ்வளவு காலம்! அவ எழும்பி வந்து சோறு போடுவாவா?" என்றேன். தன் வளவுக்குள் போய்விட்டாள்.

சுகமானதும் கூட்டிவரப் போனேன். அங்கிருந்த எழுத்தர் கேட்டார்.

"நீங்க அவருக்கு என்ன முறை?"

"மனிசிட அக்கா."

"மனிசி எங்க?"

"சுனாமியில போயிட்டா."

"அப்ப நீங்க சொந்தமில்லையே அம்மா. கூடப் பிறந்த ஆரையும் வரச்சொல்லுங்க."

கூடப் பிறந்தவர் உன்னிச்சையில். சண்டையால் அந்தப் பக்கத்துப் பாதை பூட்டிக் கிடந்தது. சுகமான மனிதர், பாதை திறக்கும்வரை அந்த வாட்டிலேயே கிடந்தார். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும்தானே?

ஆகவே, புதிய வரைவு பற்றி மக்களின் கருத்தைக் கேட்கக் கொழும்பிலிருந்து வருகிறார்கள் என்றதும், நல்ல சேலை உடுத்திக்கொண்டு பட்டினத்துக்குப் போனேன். வரைவை வாசித்தேன். நோயாளியைப் பொறுப்பேற்பவர் இரத்த உறவினராகவோ குடும்பத் தலைவராகவோ இருக்க வேண்டுமாம். எழுந்து நின்றேன்.

"இஞ்ச வீடு பொம்புளைக்குத்தான். ஆம்புள கலியாணம் முடிச்சு வந்து இரிக்கிறவர். மனிசி செத்தா அவர் ஆருட ஆள்? நீங்க கொழும்பில இரிந்து எழுதினா, அவர நடுறோட்டிலதான் விடுவீங்க."

பின்னாலிருந்து காத்தான்குடிக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார். "எங்கட ஊரிலயும் அப்பிடித்தான் டீச்சர். நானும் மாப்பிளையா வந்து குந்தியிரிக்கிறவன்தான்." சபை முழுக்கச் சிரிப்பு. எழுத வந்த சட்டத்தரணிப் பிள்ளை மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "அப்ப எப்பிடி எழுதலாம் அம்மா?"

"அவர் சுகமா இரிக்கக்குள்ள அவரிட்டையே கேளுங்க, ஆர் தன்ட ஆளெண்டு" என்றேன்.

திருத்திய வரைவு போன கிழமை கைக்கு வந்தது. நோயாளி தாமே பெயர் சொல்லும் ஒருவரும் பொறுப்பேற்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். வசனம் இன்னும் கொஞ்சம் சுருக்கமாக இருந்திருக்கலாம், போகட்டும். இனி அமைச்சரவைக்குப் போகவேண்டும், பிறகு அரசாங்க வர்த்தமானியில் அச்சாகவேண்டும், பிறகு பாராளுமன்றம். அங்கே மூன்று முறை வாசிப்பார்களாம். ஒரே முறை ஒழுங்காக வாசித்தால் போதாதா?

உன் மனிசன் இப்போது வெற்றிலைத் தோட்டம் பார்க்கிறார். மருந்தை நேரம் தவறாமல் எடுக்கிறார். நேற்றுத் தோட்டத்திலிருந்து வந்தவரிடம் கேட்டேன், சட்டம் வந்தால் யாருடைய பெயரைச் சொல்வீர்கள் என்று.

"உங்களைத்தான் மச்சாள். வேற ஆர் என்ன இப்பிடி ஏசுவாங்க?"

"நான் செத்தா?"

வெற்றிலைக் கட்டை இறக்கி வைத்தார். "உங்கட மகள் வதனி. அவவும் நல்லா ஏசுவா."

குசினிக்குள்ளிருந்து வதனி கேட்டாள்: "இப்பவே தொடங்கட்டா சித்தப்பா? கால் கழுவாம உள்ள வந்திரிக்கிறீங்க!"

அவர் சிரித்தார் மங்களம். நீ இருந்தபோது சிரித்த அதே சிரிப்பு.

நான் கண்ணை மூடினால் அவரை யார் கையில் கொடுப்பார்கள் என்பதுதான் எனக்கிருந்த ஒரே பயம். இனி அந்த வரைவு எந்தக் கந்தோர் மேசையில் தூங்கினாலும் கடிதம் எழுதியே எழுப்புவேன். அவர் தன் வாயால் சொன்ன வீட்டுக்கே அவரை அனுப்பவேண்டும் என்று சட்டம் சொல்லட்டும். அதைப் பார்த்துவிட்டு உன்னிடம் வருகிறேன்.

உனக்கு முன் பிறந்து, உனக்குப் பின் இருக்கும்
அக்கா
களுதாவளை