மச்சாளின் படையலில் ஆட்டிறைச்சி

என் அண்ணையின் மனைவியாக வந்து, எனக்கு அக்காவாகவும் இருந்துவிட்டுப் போன என் ஆசை மச்சாளுக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன். செத்தவர்களுக்கு எழுதினால் அழுதுகொண்டு எழுத வேண்டும் என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அழுது முடித்துவிட்டேன். அண்ணை மேல் கோபம், உங்களைப் புகழ்ந்து வாய் ஓயாத சனத்தின் மேல் கோபம், எல்லாவற்றையும்விட என் மேல் கோபம். உங்கள் மேலும் கொஞ்சம் இருக்கிறது. மறைத்து என்ன?

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே ரூ லூயி-பிளாங் தெருவில் நீங்கள் இடியப்பம் பிழிந்த சாப்பாட்டுக்கடை கைமாறிவிட்டது. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றவில்லை. அண்ணை எபினேயில் அதே வீட்டில் தனியாக இருக்கிறார். முழங்காலுக்கு ஊசி போடுகிறாராம். ‘போடுகிறாராம்’ என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் என்னோடு அவர் கதைப்பதில்லை. அது ஏன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

2011இல் நீங்கள் வந்திறங்கிய நாள் நினைவிருக்கிறதா? அண்ணை இங்கே, நீங்கள் வன்னியில் என்று எட்டு வருடம் பிரிந்திருந்த பிறகு வந்தீர்கள். நான் விடியவே எழும்பி நண்டுக்கறி, கோழிப்பொரியல் எல்லாம் வைத்திருந்தேன். நீங்கள் சோறும் பருப்பும் மட்டும் போட்டுக்கொண்டு, “நான் இப்ப மச்சம் சாப்பிடுறேல்லை” என்றீர்கள்.

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். “கலியாணம் முடிச்ச கிழமை நண்டுக்காலைக் கடிச்சு உறிஞ்சினவள், இப்ப சாமியாராகிட்டாள்!”

எல்லோரும் சிரித்தோம். சமைத்தது வீணாகிப்போன எரிச்சல் எனக்கு. அதனால் ஆகக் கூடச் சிரித்தது நான்தான்.

யாராவது அன்றைக்கு “ஏன்?” என்று கேட்டோமா? விரதம் என்றோம், நேர்த்தி என்றோம். பிறகு பிறகு ‘புல்லுத் தின்னுற மச்சாள்’ என்று பெயரும் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணையின் கூட்டாளிமார் வருவார்கள். ஆட்டிறைச்சிக் கறி உங்கள் கையால்தான் ஆகவேண்டும். “உன்ர கையாலை காய்ச்சினாத்தான் பவானி, இறைச்சி இறைச்சியா இருக்கும்” என்பார் அண்ணை, அது ஏதோ பெரிய பாராட்டு மாதிரி. மூக்கையும் வாயையும் துணியால் சுற்றிக் கட்டி, மார்கழிக் குளிரில் யன்னலை அகலத் திறந்துவிட்டு நீங்கள் சட்டியைக் கிண்டுவீர்கள். நானோ குளிருது, சாத்துங்கோ என்று கத்துவேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். ஒளித்துச் செய்ததை ஊரறியத்தான் சொல்ல வேண்டும்.

என் மகள் ஆரணியின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு லாச்சப்பலில் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடினோம். உங்களுக்கென்று தனியாகத் தேங்காய்ப்பால் சொதி வைத்தேன். தனிச் சட்டி, தனிக் கரண்டி, கூடுதல் வேலை. எரிச்சல் வந்தது. ‘பார்ப்போம், நாக்குக்குத் தெரியுதோ’ என்று நினைத்துக்கொண்டு, கோழிச் சூப்புக் கட்டி ஒன்றைப் பிரித்துச் சொதிக்குள் போட்டுக் கரைத்தேன். யாரும் சொல்லித்தந்து செய்யவில்லை. பகிடிக்கு என்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் தோற்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

மூன்று கவளம் சாப்பிட்டிருப்பீர்கள். சாப்பாட்டுக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனீர்கள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு நீங்கள் ஓங்காளிக்கும் சத்தம் கேட்டது. தண்ணீரைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தை மறைக்கப் பார்த்தீர்கள். வெளியே வந்து, “காலமையிலேருந்து வயிறு சரியில்லை” என்றீர்கள்.

அண்ணை கூட்டாளிமாரோடு இருந்துவிட்டார். கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் நான்தான் உங்களோடு நடந்து வந்தேன். எபினே ரயிலுக்கு நிற்கும்போது நீங்களாகவே தொடங்கினீர்கள்.

“வதனி, நீர் குறை நினைக்காதையும். மச்சம் கூடாத சாமான் எண்டு நான் விடேல்லை. சண்டையின்ர கடைசி மாதத்திலை எங்கட பங்கருக்குப் பக்கத்துக் கொட்டில் எரிஞ்சது. உள்ளுக்கை ஆக்கள். எங்களாலை வெளியிலை வரேலாது, இரவு முழுக்க அந்த மணத்துக்குள்ளைதான் இருந்தனாங்கள். இப்ப இறைச்சி அடுப்பிலை ஏறினா எனக்கு அந்த மணம்தான் வருது.”

“அண்ணைக்குத் தெரியுமோ?”

“அவர் கேக்கேல்லையே.”

ரயில் வந்தது. நீங்கள் ஏறிவிட்டீர்கள். சொதிக்குள் போட்டதைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனை வருடம், எத்தனை ஞாயிற்றுக்கிழமை! அண்ணையைக் கூப்பிட்டு இனி அவவை இறைச்சி காய்ச்ச விடாதேங்கோ என்று ஒருநாள் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கதை எப்போது வந்தது, ஏன் வந்தது என்று கேட்பார். என் குட்டு உடைந்துவிடும். அந்தப் பயத்தில் உங்களை அந்தச் சட்டிக்கு முன்னாலேயே நிற்க விட்டேன்.

உங்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டதா, மச்சாள்? தெரிந்துதான் அந்தக் கதையை எனக்குச் சொன்னீர்களா? அப்படியென்றால் ஏன் என் கன்னத்தில் ஒன்று தரவில்லை? ஒரு அறை விழுந்திருந்தால் நான் திருந்தியிருப்பேனே. உங்கள் மேல் இருக்கிற கோபம் இதுதான்.

பிறகு ஆரணி ‘வேகன்’ ஆனாள். இறைச்சி, மீன், முட்டை, பால், தேன்கூட வேண்டாம் என்றாள். அண்ணை என்ன செய்தார்? மருமகளுக்காக லாச்சப்பல் கடையெல்லாம் ஏறி இறங்கி, நெய் கலக்காத இனிப்புத் தேடினார். வந்தவர்களுக்கெல்லாம், “என்ர மருமகள் வேகன். பூமியைப் பற்றி யோசிக்கிற பிள்ளை” என்று பெருமையாக அறிமுகம் செய்தார். நீங்கள் அப்பளத் தட்டோடு பக்கத்தில் நின்றீர்கள். அதே சோறு, அதே பருப்பு. பிரெஞ்சில் ஒரு பெயர் வைத்ததும் அது நாகரிகமாகிவிட்டது. நீங்கள் அண்ணையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தீர்கள். பிறகு, “அப்பளம் போடட்டோ?” என்று அடுத்த ஆளிடம் போனீர்கள்.

நோய் வந்து ஏழே மாதத்தில் போய்விட்டீர்கள். எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிற எட்டுச் செலவு. அண்ணை ஆட்டிறைச்சியும் நண்டும் வாங்கிக்கொண்டு வந்தார். கண் வீங்கியிருந்தது. “அவளுக்கு நண்டெண்டால் உயிர்” என்று தேம்பினார். காரணம் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தியை எடுத்து அந்தக் கறிக்கு வெங்காயம் வெட்டினேன். உங்கள் படத்துக்கு முன்னால் இறைச்சி ஆவி பறந்துகொண்டிருந்தது.

ஆரணி அப்போது ஜப்பானில். கியோத்தோவில் ஒரு பள்ளியில் பிரெஞ்சு படிப்பிக்கிறாள். உங்கள் இறுதிக் கடமைக்கு வர முடியவில்லை என்று குமைந்துபோயிருந்தாள். அடுத்த சித்திரையில் என்னைத் தன்னிடம் கூப்பிட்டாள்.

போய் மூன்றாம் நாள் ஒரு வேகன் கபேக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குறுகலான பழைய மரவீடு. உள்ளே வெறும் சீமெந்துத் தரை, நீளமான ஒரே மேசை, மேலே கடதாசி விளக்குகள், சுவரில் ஒரே ஒரு பூங்கொப்பு. சப்பாத்தைக் கழற்றவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். இருந்தவர்கள் எல்லோரும் பத்திரிகைப் படத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி உடுத்தியிருந்தார்கள். ஒரு மரத்தட்டில் ஒன்பது சின்னக் கிண்ணங்கள் வந்தன. எள்ளில் செய்த தோஃபு, பொரித்த தாமரைக்கிழங்கு, ஊறுகாய்கள், தவிட்டரிசிச் சோறு. கோழிப்பொரியல் மாதிரியே சோயாவில் ஒன்று. அதை நீங்கள் தொட்டிருக்க மாட்டீர்கள். மணம்கூட அசல் கோழிதான்.

பரிமாறிய பெண்ணுக்கு உங்கள் உயரம். சூப்புக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி என் முன்னால் வைத்துவிட்டுக் குனிந்து ஏதோ சொன்னாள். ஆரணி மொழிபெயர்த்தாள்.

“அம்மா, இதிலை மீன் இல்லையாம். கடல்பாசியும் காளானும் மட்டும்தானாம். இஞ்சை வழமையா எல்லாச் சூப்புக்கும் மீனை அவிச்ச தண்ணி சேர்ப்பினமாம். தெரியாமல் ஆரும் குடிச்சுக் கஷ்டப்படக் கூடாதெண்டு, கேக்க முதலே சொல்லுறவையாம்.”

என்னை முன்பின் பார்த்திராத பெண் அவள். நான் ஏன் மச்சம் சாப்பிடவில்லை, என்ன சாமி, என்ன நேர்த்தி என்று ஒன்றும் கேட்கவில்லை. என் வயிற்றுக்குள் என்ன போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான். கிண்ணத்தைத் தூக்க முடியவில்லை. அத்தனை அழகான இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்தப் பெண் சூப்பில்தான் ஏதோ பிழை என்று பயந்துவிட்டாள்.

ஆரணிக்கு எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். கட்டி, குளியலறை, கார் து நோர், வெங்காயம் எல்லாவற்றையும். கேட்டு முடிக்கும்வரை அவள் என் கையைப் பிடிக்கவில்லை.

“அது என்ர பிறந்தநாள்” என்றாள். பிறகு பிரெஞ்சுக்கு மாறிவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் ஓடாது. நான் வேகன் என்றதும் எனக்குக் கைதட்டினீர்கள், மாமியை என்ன செய்தீர்கள், என்னிடம் அழுது என்ன பயன், மாமாவிடம் போய்ச் சொல்லுங்கள் என்றாள். மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சாப்பிடாமலே எழுந்து வெளியே போய் நின்றாள். நான் தனியே இருந்து அந்தச் சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். ஆறிப்போயிருந்தது. நல்லாக இருந்தது, மச்சாள். அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

உங்கள் முதல் வருட ஆட்டைத் திவசம் எபினே வீட்டில் நடந்தது. திவசம் என்றபடியால் மரக்கறிச் சாப்பாடு. அண்ணையின் கூட்டாளி ஒருவர், உங்கள் ஆட்டிறைச்சிக் கறியை எத்தனையோ ஞாயிறு தின்றவர், பாயாசத்தைக் குடித்துக்கொண்டு சொன்னார்:

“பவானி அக்கா பொறுமையிலை பூமாதேவி. அந்தக் கறியை இனி ஆர் காய்ச்சப் போயினம்? எத்தினை பேர் வந்தாலும் அவ ஒருநாள் முகம் சுழிச்சிருப்பாவோ?”

“சுழிச்சவ” என்றேன். “துணியாலை மூடிக் கட்டியிருந்தபடியாலை உங்கள் ஒருத்தருக்கும் தெரியேல்லை.”

நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எரிந்த கொட்டிலைச் சொன்னேன். சொதிக்குள் நான் போட்டதைச் சொன்னேன். இடையில் நிறுத்தவில்லை.

அண்ணை எழும்பி வந்தார். “என்னட்டை ஏன் அவள் சொல்லேல்லை?”

“நீங்கள் கேட்டனீங்களோ, அண்ணை?”

“நீ? எல்லாம் தெரிஞ்சு வைச்சுக்கொண்டு எட்டுக்கு இருந்து வெங்காயம் வெட்டினனி! அண்டைக்கு ஏன் வாய் திறக்கேல்லை?”

“ஓம், வெட்டினனான். பயந்தனான்.”

“வெளியிலை போ.”

போய்விட்டேன். படியிறங்கும்போது உள்ளே யாரோ, “இப்ப இதைச் சொல்லி என்ன பிரியோசனம்” என்று சொல்வது கேட்டது. திரும்பி ஏறிப்போய் அவரோடும் சண்டை பிடித்திருப்பேன். ஆனால் தொடர்ந்து இறங்கினேன்.

அதோடு அண்ணை என்னோடு கதையை விட்டு மூன்று மாதம். போன கிழமை ஆரணி கியோத்தோவிலிருந்து போன் எடுத்தாள். மாமா தன்னைக் கூப்பிட்டுக் கதைத்தாராம். வேறு ஒன்றும் இல்லை, ஒரே ஒரு கேள்விதானாம். “மச்சத்தை விட்ட பிறகு மாமிக்கு என்ன சாப்பாடு விருப்பம் பிள்ளை? உனக்குத் தெரியுமோ?” தனக்குத் தெரியாது என்றாளாம். “உங்களுக்குத் தெரியுமோ அம்மா?” என்று என்னைக் கேட்டாள்.

போனைக் காதில் வைத்தபடி யோசித்தேன், மச்சாள். கத்தரிக்காயா? பயற்றங்காயா? இடியப்பமா? அதைப் பிழிந்தது உங்கள் வேலை, சாப்பிட விருப்பமா என்று யாருக்குத் தெரியும்? ஏழு வருடத்துக்கு மேல் ஒரு மேசையில் இருந்திருக்கிறோம். நீங்கள் எதைத் தின்ன மாட்டீர்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எதை ஆசையாகத் தின்றீர்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

உங்களோடு அந்தக் கடை அடுப்படியில் நின்ற பெண்கள் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கேட்பேன். அண்ணை கதவைத் திறக்காவிட்டால் கதவுக்கு வெளியே நின்று அவருக்கும் சொல்வேன். தெரியவரும்வரை உங்கள் படத்துக்கு முன்னால் வெறும் இலை போட்டு, பக்கத்தில் தண்ணீர் மட்டும் வைப்பேன். எங்களுக்குப் பிடித்ததை உங்களுக்குப் பிடித்தது என்று சொல்லி இனி ஒருவரும் அதில் போட நான் விடமாட்டேன். இது சத்தியம்.

கேட்க வேண்டிய நாளில் கேட்காமல் விட்ட,
உங்கள் மச்சாள்
வதனி